சிங்கம் எழுந்து நின்ற கதை

சிங்கத்திலிருந்தே தொடங்கிவிடுகிறேன். என் குற்றங்களில் பார்க்க லட்சணமானது அதுதான்.

தான்சானியாவின் தென்மேட்டு நிலத்தில், இரிங்கா நகருக்கு அருகே ஒரு மிஷன் பள்ளியில் நான் கணக்கு வாத்தியார், ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கியார். சில வருஷங்களுக்கு ஒருமுறை விடுப்பு தந்து ஊருக்கு அனுப்புவார்கள். ஊர், சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் தேரி மணலும் பனையுமாக இருக்கும் ஒரு கிராமம். விடுப்பு என்ற பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். சேகரம் சேகரமாகப் போய், ஆராதனை முடிந்து ஜனங்கள் வாசலில் செருப்பைத் தேடத் தொடங்குவதற்குள், ஊழிய அறிக்கை சொல்ல வேண்டும். அப்போது எடுக்கிற காணிக்கை பள்ளிக்குப் போகும்.

நான் எழுதிக்கொண்டு வந்த அறிக்கை நல்ல அறிக்கை. மழைநீர்த் தொட்டி கட்டி முடித்தது, தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குப் பெஞ்சு வந்தது, கணக்கில் தேறியவர்கள் கூடியது, எல்லாம் வரிசையாக இருந்தன. முதல் சேகரத்தில் ஒன்று விடாமல் சொன்னேன். மின்விசிறிகளின் சத்தம் தெளிவாகக் கேட்டது. முடித்ததும் முன்வரிசையில் ஒரு பையன் எழுந்து, "சிங்கம் பாத்தீங்களா?" என்றான். சபை முழுவதும் நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்து ஞாயிறு பள்ளிகளில் வளர்ந்தவர்களுக்கு ஆப்பிரிக்கா என்றால் டேவிட் லிவிங்ஸ்டன். லிவிங்ஸ்டன் என்றால் சிங்கம். 1844இல் மபோட்சாவில் அவர் சுட்ட சிங்கம், அவர் துப்பாக்கியில் மறுபடி மருந்து கிட்டித்துக்கொண்டிருக்கும்போதே பாய்ந்து தோளைக் கவ்வியது. மெபால்வே என்ற உள்ளூர் உபதேசியார் சிங்கத்தின் கவனத்தைத் தன் பக்கம் திருப்பியதால் உயிர் தப்பினார். இடது கை எலும்பு கோணலாகத்தான் கூடியது. முப்பது ஆண்டு கழித்து, 1874இல், அவருடைய உடல் கப்பலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தபோது இது லிவிங்ஸ்டன்தான் என்று உறுதி செய்ய உதவியது அந்த எலும்புதான். இப்படி ஒரு முன்னோடி இருக்கும்போது மழைநீர்த் தொட்டியைப் பற்றிப் பேசினால் யார் கேட்பார்கள்?

என் சிங்கத்தின் கதை வேறு. இரிங்காவிலிருந்து ருவாஹா தேசியப் பூங்கா சுமார் 130 கிலோமீட்டர். பள்ளிப் பிள்ளைகளோடு நுழைவுக் கட்டணம் கட்டி, வேனில் போனேன். ஒரு மரத்தடியில் சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் காட்டிய திசையில் நானும் பார்த்து, பரவசப்பட்டு, படம் எடுத்தேன். படத்தில் இருப்பது பாறை என்று பிற்பாடு தெரிந்தது. படம் எடுத்த பிறகு யாரோ என் தலையைப் பிடித்துத் திருப்பியதால் நிஜச் சிங்கத்தின் வாலையாவது பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

முதல் சேகரத்தில், "தூரத்தில் படுத்திருந்தது" என்று உண்மையைத்தான் சொன்னேன். அடுத்த சேகரத்தில் வேனின் கண்ணாடி இறங்கியிருந்தது. அதற்கடுத்ததில் சிங்கம் எழுந்து நின்றது. விடுப்பு பாதி முடிவதற்குள் அது மூச்சு விடுவது எனக்குக் கேட்கத் தொடங்கிவிட்டது. சிங்கத்துக்கும் எனக்கும் இடையிலான தூரமும் காணிக்கைப் பையின் கனமும் எதிர்விகிதத்தில் இருப்பதைக் கணக்கு வாத்தியாரான நான் கவனிக்காமல் இருக்க முடியுமா? பள்ளிக்குத்தானே போகிறது என்று மனசாட்சியிடம் சொன்னேன். அதுவும் தலையாட்டிற்று.

என் போதாத காலம், அக்கா இரண்டு கோயில்களுக்கு என்னோடு வந்திருந்தாள். திரும்பும்போது ஆட்டோவில் வைத்துக் கேட்டாள்: "போன வாரம் படுத்துக் கெடந்துச்சு. இன்னிக்கு எந்திரிச்சிட்டோ?"

இதை ஈடுகட்டுவதற்காக இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரிங்காவில் என் மாணவர்கள் ஊர்க்கதை கேட்டபோது, எங்கள் நாட்டுக் கோயில்களில் யானை நிற்கும், காசு கொடுத்தால் தும்பிக்கையால் தலையைத் தொட்டு ஆசீர்வதிக்கும் என்று சொன்னேன். அங்கே பூங்காவை ஒட்டிய கிராமத்தார்களுக்கு யானை, ராத்திரியில் வந்து மக்காச்சோளத்தை அழித்துவிட்டுப் போகிற எதிரி. வகுப்பே சிரித்தது. நான் விலங்குகளைப் பற்றிச் சொன்ன ஒரே கலப்படமில்லாத உண்மை அது; ஒருவரும் நம்பவில்லை.

விடுப்பில் போன மிஷனெரிமார் என்னென்ன செய்தார்கள் என்பதைப் படித்தது என் அடுத்த தவறு. சீகன்பால்கு 1714இல் தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். மலையப்பன் என்ற தமிழ் இளைஞனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு, கப்பல் ஆடுகிற ஆட்டத்திலேயே லத்தீனில் தமிழ் இலக்கணம் எழுதினார். அது 1716இல் ஹாலேயில் அச்சானது. இடையே கல்யாணமும் செய்துகொண்டு, அதே ஆண்டு திரும்பியும் வந்துவிட்டார். எங்கள் ஊரிலிருந்து பைக்கில் போய்விடுகிற தூரத்தில் இருக்கும் இடையன்குடியின் கால்டுவெல், தாய்நாட்டு விடுப்பில் இருந்த காலத்தில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை லண்டனில் வெளியிட்டார், ஆண்டு 1856. டோனாவூர் ஏமி கார்மைக்கேல் வேறு ரகம். 1895இல் இந்தியா வந்தவர் 1951இல் இங்கேயே அடக்கமாகும் வரை ஒரு தடவைகூட விடுப்பில் போகவில்லை. ஆக, பெரியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்திருக்கின்றன: ஊருக்குப் போய்ப் புத்தகம் எழுதுவது, அல்லது போகாமலே இருப்பது. நான் போய்ச் சாப்பிட்டேன்.

முயற்சியே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. 'தமிழர்களுக்குச் சுவாஹிலி' என்று ஒரு சிறு நூல் எழுதுவதாகத் திட்டம். கெட்டி அட்டை நோட்டு ஒன்று வாங்கி வந்தேன். முதல் பக்கத்தில் தலைப்பு, அடியில் என் பெயர், இரண்டாம் பக்கத்தில் நான், நீ, அவன். மூன்றாம் பக்கத்தில் உடன்குடிக் கருப்பட்டி, மிளகாய் வத்தல், புளி, காயப்பொடி. அதற்கப்புறம் இலக்கணம் திரும்பி வரவேயில்லை.

சாப்பாட்டு விஷயத்தில் நான் செய்தது கொஞ்சம் நுட்பமான மோசடி. வீடு வீடாக ஜெபிக்கக் கூப்பிடுவார்கள். "அங்க என்ன சாப்பாடு ஐயா?" என்று யாராவது கேட்பார்கள். நான் சற்றுத் தாமதித்து, கண்ணைத் தாழ்த்தி, "மக்காச்சோள மாவுல களி. கூட கொஞ்சம் கீரை" என்பேன். அவ்வளவுதான், அடுப்படியில் ஓர் அசைவு ஏற்படும். களி என்று சொன்ன வீட்டிலெல்லாம் நாட்டுக்கோழி கிடைத்தது. இதில் துரோகம் என்னவென்றால், அங்கே உகாலி என்கிற அந்தக் களி எனக்கு மிகவும் பிடிக்கும். கையால் பிடித்து, நடுவில் பெருவிரலால் குழி செய்து, கீரையை அள்ளித் தின்பதில் ஒரு ருசி இருக்கிறது. இரிங்கா குளிருக்கு அதற்கு மிஞ்சி ஒன்றுமில்லை. ஆனால் அதைச் சொன்னால் கோழி வராது.

வீட்டுக்காரி வந்ததும் நாகர்கோவிலில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். என்னைக் கண்காணிக்க ஆளில்லை. பதனீர்க் காலம் முடிகிற தறுவாய். விடிந்ததும் விளைக்குள் நடந்து போனால், கலயத்திலிருந்து வடித்து, ஓலையை மடக்கிக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்கியதால் புளிப்பேறாமல், லேசான சுண்ணாம்பு மணத்தோடு இருக்கும். நான் பிறந்து வளர்ந்ததே இதைக் குடித்துத்தான். இருந்தும் பட்டையைப் பிடிக்கிற வாகு கையை விட்டுப் போய்விட்டது. ஒரு பக்கம் வாய் வைத்தால் மறு பக்கம் வழிந்தது. ஞாயிறு ஆராதனைக்கென்று போட்டிருந்த வெள்ளைச் சட்டை பூராவும் பதனீர். அன்றைக்கு நான் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. கையை உதறி உதறிப் பேசியதை உணர்ச்சிவசப்பட்டதாக எடுத்துக்கொண்டு ஒரு பெரியவர் வந்து கையைப் பிடித்துப் பாராட்டினார். நானும் மறுக்கவில்லை.

முதலூர் மஸ்கோத் அல்வாவைப் பற்றி எழுதப்போவதில்லை. தேங்காய்ப்பாலில் கிண்டிய அந்தப் பண்டத்தை இரிங்காவில் உள்ள சக ஆசிரியர்களுக்கென்று கிலோக்கணக்கில் வாங்கினேன் என்பதும், அது இரிங்காவைப் பார்க்கவில்லை என்பதும் போதும்.

நோட்டு என்னைப் பழிவாங்கியது வேறு விதத்தில். தான்சானியா நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால், வருஷம் முழுவதும் ஏறக்குறைய ஆறு மணியை ஒட்டியே சூரியன் உதிக்கும். அதனால் சுவாஹிலி பேசுகிறவர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுவார்கள். நம் காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி, நம் பத்து அவர்களுக்கு நாலு. நம் பாட்டன்மாரும் நாழிகையை உதயத்திலிருந்துதான் எண்ணினார்கள், ஒரு நாளைக்கு அறுபது நாழிகை. ஆகவே இந்தக் கணக்கு எனக்கு அந்நியமாகப் படவில்லை. அதுதான் வினையாயிற்று.

பெரியம்மா மகன் அண்ணன் போனில், "நாளைக்கு மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு வந்துருல" என்றான். நான் நோட்டில், வழக்கப்படி சுவாஹிலியில், "ஒரு மணி, அண்ணன் வீடு" என்று குறித்தேன். மறுநாள் எழுந்து நோட்டைப் பார்த்தேன். சுவாஹிலியில் எழுதியதை சுவாஹிலியில்தானே வாசிக்க முடியும்? காலை ஏழு மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையும் கையில் வேதாகமமுமாக அண்ணன் வீட்டு வாசலில் நின்றேன். அண்ணன் லுங்கியோடு பல் விளக்கிக்கொண்டிருந்தான். மைனி முற்றம் தூத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கான சேவல் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

"சீக்கிரமே வந்தா பேசிட்டு இருக்கலாம்னு வந்தேன்" என்று சொன்னேன். விடுப்பின் இன்னொரு பொய். ஆனால் அது பலித்துவிட்டது. மைனி ஒரு முறத்தில் சின்ன வெங்காயத்தைத் தட்டி என் முன்னே வைத்தாள். உரித்துக்கொண்டே இருந்தேன். விருந்தாளியாக ஒரு மணிக்கு வந்திருந்தால், சாப்பிட்டு, ஜெபித்து, இரண்டரைக்கு எழுந்திருப்பேன். ஆறு மணி நேரம் வெங்காயம் உரிக்கிறவனிடம் யாரும் எதையும் மறைப்பதில்லை. மகள் கல்யாணக் கடன் எவ்வளவு பாக்கி, எந்தச் சம்பந்தி முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அண்ணன் ராத்திரியில் தூங்காமல் எழுந்து உட்கார்ந்திருப்பது, எல்லாம் வந்தன. நான் ஒரு ஆலோசனையும் சொல்லவில்லை, கண்ணில் வெங்காயம். அழுதுகொண்டே கேட்டேன் என்று மைனி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள்.

டீக்கடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்யாவில் 2007இலேயே போனில் காசு அனுப்பும் எம்பெசா வந்துவிட்டது, மறு வருஷம் தான்சானியாவுக்கும் வந்தது, நம் ஊரில் யுபிஐ 2016இல்தான், சந்தையில் தக்காளி விற்கிற பாட்டிகூட அங்கே போனில்தான் காசு வாங்குவாள் என்று கடையில் இருந்தவர்களுக்கு ஆப்பிரிக்காவின் பெருமையை எடுத்துச் சொன்னேன். எல்லாரும் வியந்தார்கள். பிறகு டீக்குக் காசு கொடுக்க எழுந்தேன். ரீசார்ஜ் செய்யாததால் என் இந்திய எண் எப்போதோ செத்துப்போயிருந்தது; ஓடிபி வர வழியில்லை. பையில் இருந்தது தான்சானிய ஷில்லிங். "நாளைக்குக் குடுங்க அண்ணாச்சி" என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல்.

இவையெல்லாம் வெளியே தெரிந்தவை. உள்ளே ஒன்று இருந்தது. அங்கே தெருவில் நடந்தால் பிள்ளைகள் "ஷிகாமோ" என்று வணங்குவார்கள். பெரியவர் "மரஹபா" என்று ஏற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்குப் போகிற வழியில் நான் பத்தடிக்கு ஒரு மரஹபா சொல்லிக்கொண்டே போவேன். இங்கே அக்காள் பேரன் கைபேசியிலிருந்து தலையை எடுக்காமல், "தாத்தா, காலை நகட்டுங்க, சார்ஜர்" என்றான். அக்கா, "சும்மாதான இருக்க, அந்த கேஸ் சிலிண்டரை உள்ள உருட்டு" என்பாள். தெருவில் எல்லாருக்கும் கேள்வி இரண்டுதான்: எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க. மரியாதையைத் துறந்து ஊழியத்துக்குப் போனவன் என்றுதான் என்னைப் பற்றி நானே நினைத்திருந்தேன். சிலிண்டரை உருட்டும்போதுதான் தெரிந்தது, அதைத் தேடித்தான் அவ்வளவு தூரம் போயிருக்கிறேனோ என்று. சந்தேகம்தான். சிலிண்டர் கனமாக இருந்தது.

அந்த மரியாதையை ஒரே நாளில் வசூலித்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது அறுப்பின் பண்டிகை அன்று. ஆராதனை முடிந்து, ஜனங்கள் படைத்த காய்கறி, தேங்காய், சேவல், முட்டை எல்லாம் ஏலத்துக்கு வரும். தான்சானியச் சபைகளிலும் இது உண்டு. ஆராதனைக்குப் பிறகு மரத்தடியில் கூடி முட்டையும் கோழியும் மக்காச்சோளமும் ஏலம் விடுவார்கள். ஒருவர் முட்டையை வாங்கி மறுபடி காணிக்கையாகவே கொடுப்பார். அதே முட்டை திரும்ப ஏலத்துக்கு வரும். கடவுளுக்குக் கொடுப்பதை ஊருக்குக் காட்டுவதற்காகக் கேட்காதீர்கள் என்று அந்த மரத்தடியில் நான் பிரசங்கமே செய்திருக்கிறேன். நல்ல பிரசங்கம்.

எங்கள் கோயிலில் ஒரு கற்பூரவல்லித் தார் வந்தது. என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை ஒரே பெஞ்சில் இருந்து, இப்போது உரக்கடை வைத்திருப்பவன், ஐநூறு என்றான். கணக்கில் அவன் எப்போதும் என்னைப் பார்த்து எழுதியவன். நான் அறுநூறு என்றேன். அவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடி ஆயிரம் என்றான். அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. கமிட்டி மெம்பர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, "நம்ம மிஷனெரி ஐயா கேக்காங்க" என்று மைக்கில் சொன்னார். அதற்குப் பிறகு என் வாயிலிருந்து வந்ததற்கெல்லாம் நான் பொறுப்பில்லை. மூவாயிரத்து ஐநூறு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். கைதட்டல். ஊரே என்னைப் பார்த்தது. மரஹபா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பிறகு பையைத் தடவினேன். பெண்கள் பக்கத்தில் இருந்த அக்காவைக் கண்ணால் தேடினேன். அவள் ஏற்கெனவே சேலை முந்தானையில் முடிந்திருந்ததை அவிழ்த்துக்கொண்டு எழுந்து வந்துகொண்டிருந்தாள். மேசையில் பணத்தை எண்ணி வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, "சிங்கத்தைக் காட்டி வாங்குனதையெல்லாம் வாழைக்காயில விட்டாச்சு" என்றாள்.

விமானம் ஏற சில நாட்களே இருந்தன. தார் முழுக்க ஒரே நேரத்தில் பழுக்கத் தொடங்கியது. அக்கா வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர்கள் அதிகம். வேறு வழியில்லாமல், மடித்துக் கட்டிய வேட்டியும் கையில் கூடையுமாக வீடு வீடாகக் கிளம்பினேன். வேதாகமம் இல்லாமல், அறிக்கை இல்லாமல், யாரும் கூப்பிடாமல் நான் அந்தத் தெருக்களில் நடந்தது வெகுகாலத்துக்குப் பிறகு அப்போதுதான். பழத்தோடு வருகிறவனிடம் யாரும் ஜெபம் கேட்கவில்லை. உகாலி பற்றியும் கேட்கவில்லை. முழங்கால் வலி எப்படி இருக்கு, தலையில ஏன் இவ்வளவு நரை, பொண்டாட்டி எப்ப நாகர்கோவில்ல இருந்து வருவா என்று கேட்டார்கள். எனக்கு அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த டீச்சர், பார்வை மங்கிய கண்ணால் என் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, என் அண்ணன் பெயரைச் சொல்லி, "அந்தக் கணக்கு வராத பயதான நீ?" என்றார். ஆமாம் டீச்சர் என்றேன். அண்ணனுக்குக் கணக்கு வராது என்பது உண்மைதான். ஆனால் அன்றைய நிலையில் எனக்கும் மறுக்க முகாந்திரமில்லை. டீக்கடைக் கடனுக்கு ஒரு சீப்பு போயிற்று. கடைக்காரர் அதைக் கணக்கில் சேர்க்காமல் காசையும் வாங்கிக்கொண்டார்.

கடைசிச் சீப்பை எடுத்துக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டான். இரண்டு பேரும் ஆளுக்கொரு பழம் உரித்தோம். அவன் மென்றுகொண்டே சொன்னான்: "எனக்கு எதுக்குல இந்தத் தாரு? எங்க விளையில நாப்பது கெடக்கு. எப்படியும் நீ விட மாட்டன்னு தெரியும். கோயிலுக்கு நாலு காசு சேரட்டும்னுதான் ஏத்திவிட்டேன்."